தலையாட்டினால் ஊற்றலாம்

ஜனவரி 18, வியாழன்

காலையில் பனி. கல்மண்டபம் வரை எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. சைக்கிள் செயின் மறுபடியும் அறுந்தது. இன்றைய வேலை: ஒன்றுமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததிலிருந்து இதே வேலைதான்.

நைனாவின் கம்பெனியில் குடும்ப நாளாம். பழைய பயணிகள் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை துறைமுகத்தில் ஏறினால் கடலுக்குள் ஒரு சுற்று, சாயங்காலம் திரும்பல். ஆபீசர் குடும்பங்கள் மேல்தளம். தொழிலாளர் குடும்பங்கள் கீழ்த்தளம். கடலிலும் மாடிவீடு.

நைனா இதைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. போன வருஷம் கிரேன் கொக்கி கழுத்தில் அடித்ததிலிருந்து பேச்சு திக்குகிறது. தலை தானாக ஆடுகிறது. மேலும் கீழும். ஆமாம், ஆமாம், ஆமாம். தூக்கத்தில்தான் நிற்கும். எதைக் கேட்டாலும் தலை முதலில் சரி என்றுவிடும், வார்த்தை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். பலமுறை அது 'வேணாம்'. அம்மா மட்டும் சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, வார்த்தை வரும்வரை நிற்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

'உடம்புக்கு முடியாதவர்' என்று நைனாவை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். அப்படிப் போகிறவன் இடத்தில் மகனை எடுப்பது கம்பெனி வழக்கம். எழுத்தில் கிடையாது, வாய்ப்பேச்சு. ஆள் வெளியே போனதும் பேச்சை மறந்துவிடுவார்கள். அதனால் நைனா ஒரே பிடி: மகனுக்கு ஆர்டர் வரட்டும், மறுநாளே போகிறேன். மானேஜரிடம் இதைச் சொல்லிவிட்டார். திக்கித் திக்கி, வேர்த்து வழிய, ஆனால் முழுசாக.

அம்மா: "கப்பல்ல மானேஜரு உன்ன பாப்பாரு. ஒழுங்கா தலைய வாரிகினு வா. அந்தக் காசி கூட சேராத."

ஜனவரி 19, வெள்ளி

பனி குறைவு. திருவொற்றியூர் பக்கம் போனேன், தொண்டை எரிந்தது. புகைபோக்கி இல்லாத திசையே இல்லை.

காசியைப் பார்த்தேன். எர்ணாவூர்க்காரன், என் வயசு. அவன் அப்பனும் அதே கம்பெனியில் மூட்டை தூக்குகிறார்.

"ஞாயித்துக்கெயம பீர் கீது மாமு."

"உடான்ஸ்."

"சத்தியமா. கப்பலு வெளிய பூட்டா மதுவிலக்கு கெடையாதாம். சர்க்காரு சட்டத்துக்கு நீஞ்சத் தெரியாதுல்ல."

கரையில் அடிக்கத் தெரியும் அதற்கு. எங்கள் தெருவில் சைக்கிள் டியூபில் சாராயம் கொண்டுவந்தவனைப் போலீஸ் அடித்ததில் இன்னும் அவன் இடது கையால்தான் சாப்பிடுகிறான். மானேஜர் வீட்டுக்கு மாதாமாதம் பாட்டில் பெட்டி போகிறது. பர்மிட் இருக்கிறது. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் சீட்டு. ஆக, சர்க்கார் பார்வையில் மானேஜர் நோயாளி. கொக்கியால் அடிபட்ட நைனாவுக்குக் கம்பெனி டாக்டர் எழுதியது: 'வேலையால் வந்ததல்ல.'

நான் பீர் குடித்ததில்லை. எதுவுமே குடித்ததில்லை. பத்தொன்பது வயசாகிறது.

வாங்க வேண்டியது: சைக்கிள் செயின், தேங்காய் எண்ணெய்.

ஜனவரி 21, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போகவில்லை. நேராகத் துறைமுகம். நல்ல வெயில், கடல் தட்டையாக. நைனா வெள்ளைச் சட்டை. அம்மா கல்யாணப் புடவை.

கீழ்த்தளத்தில்: பெஞ்சுகள், புளிசாதப் பொட்டலம், இஞ்சின் சூடு, டீசல் நாற்றம். மேல்தளத்தில்: பிரம்பு நாற்காலி, பேண்டு வாத்தியம், காற்று.

கரை மறைந்ததும் கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். அதுதான் பார். அதற்கு மேலே இங்கிலீஷில் ஒரு பலகை. எல்லோரும் என்னைத் தள்ளினார்கள், படி படி என்று. படித்துச் சொன்னேன்: இருபத்தொன்று ஆனவனுக்கு எதுவும் உண்டு. பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை பீர் மட்டும், அதுவும் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து சம்மதித்தால். அதற்குக் கீழே கிடையாது.

ஜன்னலில் நின்றவன் கோவாக்காரன். அரைகுறைத் தமிழ். "வாயாலே சொன்னா நமக்குக் கேக்காது, இஞ்சின் சத்தம். பாதர் தலை ஆட்டணும். ஆட்டினா ஊத்துவேன்."

யார் எழுதிய விதியோ. எங்கள் பக்கம் எந்த அப்பன் மகன் குடிக்கத் தலையாட்டுவான்? செருப்பைத்தான் கழற்றுவான். அப்பன் குடித்துவிட்டு வந்தால் மகன் பார்க்காத மாதிரி எழுந்து வெளியே போவான். மகன் குடித்தால் அப்பன் வீட்டுக்குள் வரும்முன் வாசலில் இருமுவான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலிருப்பதுதான் மரியாதை. இந்த விதிக்கு இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமாம்.

மேல்தளத்தில் பலகையே இல்லை. ஏணியிலிருந்து பார்த்தேன். மானேஜர் மகனுக்குப் பதினேழு, எல்லோருக்கும் தெரியும். கையில் கிளாஸ். அவன் அம்மா பக்கத்து அம்மாளிடம் சொல்கிறாள்: "வெளியில எங்கயோ போய்க் கத்துக்கறதுக்கு, நம்ம கண் முன்னாடி குடிக்கட்டுமே." கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். அதைக் கழுவக் கீழ்த்தளத்திலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். தொழிலாளர் சங்கத் தலைவரும் மேலேதான். கையில் கிளாஸ், என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டினார்.

திரும்பி வந்தால் கீழே பசங்கள் எல்லாம் ஜன்னலைச் சுற்றி, தொண்டை காய்ந்து. அப்பன்கள் எல்லாம் பெஞ்சில், கல் மாதிரி. ஒரு தலைகூட அசையவில்லை. ஒன்றைத் தவிர.

காசிதான் முதலில் பார்த்தான். அவனுக்குக் கண் அப்படி. அம்மா தலைசுற்றி, பெண்கள் பக்கம் படுத்திருந்தாள். காசி என் நைனா பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து சத்தமாகக் கேட்டான்.

"நைனா, ஒரு பீர் சாப்புட்டுக்கட்டா?"

தலை ஆடியது. கோவாக்காரன் ஊற்றினான்.

ஒரே கூச்சல். அப்புறம் வரிசை. ஒவ்வொருத்தனாக நைனா பக்கத்தில் உட்காருகிறான், கேட்கிறான், தலை ஆடுகிறது, கிளாஸ் வருகிறது. "பொது நைனாடா டோய்!" "நவுருடா, அவுரு இப்ப என் நைனா." கோவாக்காரன் கண்ணீர் வரச் சிரித்தான். "எத்தனை சன்னு, பாபா?" அதற்கும் ஆடியது.

நைனா ஒவ்வொருத்தனிடமும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுத்து முடிப்பதற்குள் அடுத்தவன் உட்கார்ந்துவிட்டான்.

நானும் உட்கார்ந்தேன். ஏன் உட்காரக் கூடாது? ஊரில் உள்ளவனுக்கெல்லாம் ஆடுகிற தலை, எனக்கு ஆடாதா? மேலே ஒருத்தன் குடித்து வாந்தியும் எடுத்தாயிற்று. கேட்டேன். ஆடியது. கிளாஸ் வந்தது. ஊறிய சாக்கு மாதிரி ஒரு கசப்பு. நைனா என்னையே பார்த்தார். "வே... வேணாம்டா." அதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மீதியையும் குடித்தேன்.

சிரிப்புச் சத்தம் மேலே போயிருக்கிறது. மானேஜர் இறங்கி வந்தார், பரிசுக் குலுக்கலுக்கு வைத்திருந்த மைக்கோடு. முகம் சிவந்து, நல்ல குஷி. விஷயத்தைச் சொன்னார்கள்.

"லூர்துசாமி! இவ்வளவு பேரும் உன் பிள்ளைகளா?"

தலை ஆடியது. சிரிப்பு.

"கம்பெனிச் சாப்பாடு பிரமாதமா இருக்கா?"

ஆடியது. சிரிப்பு.

"உங்க மேஸ்திரி திருடனா?"

ஆடியது. மேஸ்திரியே விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்ததை அதே குரலில் கேட்டார், அதே விளையாட்டு மாதிரி.

"இத்தனை வருஷம் உழைச்சாச்சு. இனிமே சந்தோஷமா வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கறே. சம்மதம்தானே?"

ஆடியது.

"ஒத்துக்கிட்டாரு! எல்லாரும் பார்த்தீங்க இல்ல? கைதட்டுங்க!"

தட்டினார்கள். பேண்டு ஆரம்பித்தது. சங்கத் தலைவர் கீழே வந்து மாலை போட்டார். குலுக்கலுக்கு வைத்திருந்த சுவர்க் கடிகாரத்தை எடுத்து நைனா மடியில் வைத்தார் மானேஜர். மைக்கைத் திருப்பிக்கொண்டு ஏணி ஏறிவிட்டார். அப்போதுதான் வார்த்தை வந்தது.

"இ... இல்ல... பை... பையனுக்கு..."

எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் கைதட்டவில்லை. காரணம், கையில் கிளாஸ் இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

பனி. தலைவலி.

நைனாவோடு கேட் வரை போனேன். வாட்ச்மேன் நல்ல மனுஷன். அவன் கண்ணே கலங்கியிருந்தது.

"லூர்து அண்ணே, உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டராம். கப்பல்ல நீயே ஒத்துக்கினியாமே, அல்லார் முன்னாடியும்."

நைனா நின்றார். சைரன் ஊதியது. எல்லோரும் உள்ளே போனார்கள். நேற்று அவருக்கு மகனாக இருந்தவன்களின் அப்பன்கள்.

"மெய்யாலுமே ஒத்துக்கினியாண்ணே?"

தலை ஆடியது.

"பாரு, இப்பவும் ஆமாங்குறாரு," என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான் வாட்ச்மேன். லாரி ஒன்று வந்தது, கேட்டைத் திறக்கப் போய்விட்டான். நைனா வாய் திறந்தபடி. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்ல வந்தார் என்று கேட்கவில்லை.

வீட்டில் கடிகாரத்தை மாட்ட ஆணி இல்லை. அம்மா அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அங்கிருந்து ஓடுகிறது.

ஜனவரி 23, செவ்வாய்

அம்மா சொன்னாள்: அவரு போனா போறாரு, உன் எடத்தையாச்சும் கேட்டு வா. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

வராந்தாவில் மத்தியானம் வரை நிற்கவைத்தார்கள். பிறகு உள்ளே, மானேஜர் முன்னால்.

"வேலையா? உனக்கா? அன்னைக்குக் கீழ்த்தளத்துல கிளாஸும் கையுமா நின்னது நீதானே?"

"ஆமா சார்."

"வயசு?"

"பத்தொம்போது."

"ரூல் போர்டு பார்த்தியா?"

"பார்த்தேன் சார். அப்பா பக்கத்துல இருந்தாரு. தலையாட்டினாரு."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நிதானமாக, கிட்டத்தட்ட வருத்தமாகச் சொன்னார்.

"உங்க அப்பாவுக்குத் தலை தானா ஆடும்பா. அது வியாதி. அதைப் போய்ச் சம்மதம்னு எடுத்துக்கிட்டுக் குடிச்சிருக்கே. பெத்த அப்பனை வெச்சு. உன்னை மாதிரி ஒருத்தனை எப்படி உள்ளே விடறது?"

"அப்ப மைக்ல நீங்க கேட்டப்பவும் தானாத்தான் சார் ஆடுச்சு."

டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்தினான்.

"அது வேற," என்றார். மணி அடித்தார். பியூன் வந்து என் தோளைத் தொட்டான்.

வெளியே ரயில் பாதையோரம் ஒரு கருங்கல் எடுத்தேன். நல்ல கனம். ஆபீஸ் கண்ணாடி சரியான தூரத்தில்தான் இருந்தது. எறியவில்லை. பயம். வேறு பெயர் வைக்க இஷ்டமில்லை.

ஜனவரி 24, புதன்

இரவெல்லாம் காற்று. துணி காயவில்லை. செயின் இன்னும் வாங்கவில்லை.

காசி வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு:

"மாமு, உங்க நைனா எடத்துல நாள்கூலிக்கு என்னைக் கூப்புட்டுக்கிறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"நீயும்தானே குடிச்ச?"

"என்ன ஆரும் பாக்கலியாம்."

உண்மைதான். அவனை யாரும் கேட்கவில்லை. என்னை வெளியே நிறுத்தத்தான் ஒரு காரணம் தேவைப்பட்டது. ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். நாளைக் காலை சைரனுக்கு உள்ளே இருப்பான். அவன் இடத்தில் நானாக இருந்தால் நானும் இருப்பேன்.

மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு. அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் போடவா?" தலை ஆடியது. காத்திருந்தாள். "போ... போதும்." கரண்டி பானைக்குத் திரும்பியது. கப்பலிலிருந்து வந்த பிறகு என்னிடம் நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று கேட்டேன்.

"என் மேல கோவமா, நைனா?"

தலை ஆடியது. அது எல்லாவற்றுக்கும்தான் ஆடும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"குந்து," என்றாள் அம்மா. "வார்த்த வரட்டும்."

உட்கார்ந்தேன். கட்டிலுக்கடியில் கடிகாரம். நைனாவின் உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்து, வாயோரம் எச்சில் வழிந்தது. வந்தது.

"ஆமா."