சுருக்காத படங்கள்

பெங்களூர்
14.10.1996

அன்புள்ள கிருஷ்ணவேணிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா? மாமாவும் அத்தையும் சுகந்தானே? நாகலாபுரத்தில் விதைப்புக்கு மழை கிடைத்ததா?

இங்கே ஒரு சின்ன சங்கதி. பயந்துவிடாதே. ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக, நோயாளிகளின் விழிப்படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் வேலை செய்கிறோம். இரண்டு வருஷத்தில் இடம் நிறைந்துவிடும் என்று, படங்களைச் சுருக்கச் சொன்னார் மேலாளர் கார்த்திகேசன். அவரும் நம் பக்கத்துக்காரர்தான், எட்டயபுரம். சுருக்கினால் மெல்லிய ரத்தக்குழாய்கள் படத்தில் தெரியாது; நோய் கூடுவதை டாக்டர் கண்டுபிடிக்க முடியாது.

"வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு வருசத்துல இதே வெலைக்கு நாலு மடங்கு கொள்ளுத டிஸ்க் வந்துரும். கம்ப்யூட்டர் வேகமும் கூடிரும்" என்றேன்.

"ஏலே, நீ என்ன சோசியக்காரனா? வரலேன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு பதில் சொல்லுவா?"

"இதுவரைக்கும் வளந்த கணக்கைப் பாத்துத்தான் சொல்லுதேன். நானே பதில் சொல்லுதேன்."

அதை எழுதித் தரச் சொன்னார். தவறினால் வேலையை விட்டு விலகுவதாகவும் எழுதவைத்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று காலையிலிருந்து படங்கள் முழுசாகவே ஏறுகின்றன. நான் மட்டும் டிஸ்க் விளம்பரங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கருப்பட்டி கொஞ்சம் அனுப்பு. பாப்பா பேசுகிறாளாமே, கேசட்டில் பதிந்து அனுப்பு. அழுதாலும் நிறுத்தாதே, இரண்டு பக்கமும் ஓடட்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்
செண்பகராஜ்