கல்வத்தில் மசியாத கல்

என் ஆசை நைனாவுக்கு,

கல்லறைத் திருநாள் என்று உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். கடல் காற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. சே என்று தீப்பெட்டியை விட்டெறிந்தேன். "இங்க வந்துமாடா கோவம்?" என்றாள் அம்மா. ஆமாம், கோபம்தான். உன்மேல், என்மேல், அந்தக் குழாய்க்காரன்மேல்.

கல்லடைப்பு என்று துடித்தாயே, ஆஸ்பத்திரிக்கு வா என்றால் கேட்டாயா? திருவொற்றியூர் பக்கம் எவனோ பித்தளைக் குழாயை உன் விலாவில் வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து ஒரு கல்லைத் துப்பிக் காட்டினான். அதைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினாய். "எம்மாம் பெரிய கல்லு, பாரு மாமு" என்று நீ வேலை பார்த்த ஹார்பர் முழுக்கத் திறந்து காட்டினாய்.

பிறகு என்னிடம் நீட்டினாய். "உன் மிசின்ல போட்டு, இது இன்னா கல்லுன்னு பாருடா."

என் யுனிவர்சிட்டி லேபில் கல்லைப் பொடித்துக் கண்ணாடி இழையில் அடைத்து எக்ஸ்ரேக்கு முன் வைத்தால் ஃபிலிமில் கோடுகள் விழும், ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு விதமான கோடு என்று உனக்கு ஜம்பமாகச் சொன்னவனே நான்தான். நீ கேட்டபோது என்ன சொன்னேன்? "அது யுனிவர்சிட்டி நைனா. வூட்டு வேலைக்கெல்லாம் வுட மாட்டாங்க."

தீப்பெட்டியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாய். வலி திரும்ப வந்தபோதெல்லாம், "கல்லுதான் வெளிய வந்துடுச்சே, இது வாயுடா" என்று ஓமத்தண்ணீர் குடித்தாய். கடைசியில் மூத்திரம் அடைத்து, உடம்பு வீங்கித் தூக்கிப்போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார்.

போன வாரம் தம்பி சூசைக்கு அதே வலி. அதே ஆளிடம் போகிறானாம். உன் உடம்புக்குள்ளே இன்னும் கல் இருந்ததாக டாக்டர் சொன்னாரே என்றால், அம்மா மல்லுக்கு நிற்கிறாள். "அது அப்பால வந்த வேற கல்லுடா. அந்த ஆளு எடுத்தத நாந்தான் கண்ணால பாத்தேனே!"

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். உடம்பில் விளைகிற கல் கல்வத்தில் லேசாக நுணுங்கிவிடும். உன் கல் மசியவே இல்லை. சுத்தியலால் தட்டித்தான் பொடித்தேன். முதல் நாள் கரண்ட் போனது. மறுநாள் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஓடாவிட்டால் மெஷின் தானாகவே நின்றுவிடும். மூன்றாம் நாள் ஃபிலிமில் வெளிச்சம் புகுந்து முழுக்கக் கறுப்பு. தம்பி வீட்டில் சுருண்டு கிடக்கிறான், இந்தச் சனியன் பிடித்த மெஷினோடு நான் மாரடிக்கிறேன்.

நாலாம் நாள் கோடு விழுந்தது. குழாய்க்காரன் வாசலில் கொட்டிக் கிடந்த கூழாங்கல் ஒன்றையும் பொடித்து இன்னொரு ஃபிலிம் எடுத்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டின்மேல் கோடு, மயிரிழைகூடப் பிசகவில்லை. நீ பஞ்சில் வைத்திருந்தது தெருக்கல், நைனா.

வீட்டுக்குப் போய் இரண்டு ஃபிலிமையும் அம்மாவிடம் காட்டினேன்.

"இத்த எடுக்க எத்தினி நேரம் ஆவும்?"

"நாலு மணி நேரம்மா."

"உங்கையில குடுத்துட்டு நாலு மாசம் உசுரோட இருந்தாரேடா மனுசன்."

அவ்வளவுதான். அழவில்லை. தம்பிக்கு மாற்றுத்துணி எடுத்து வைக்கப் போய்விட்டாள். நான் ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புரொஃபசரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்? நான் கேட்கவே இல்லையே, நைனா.

சூசை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வியாழக்கிழமை ஆபரேஷன். எடுக்கிற கல்லை அன்றைக்கே மெஷினில் வைப்பேன். என்ன வேலை என்று யார் கேட்டாலும், வீட்டு வேலை என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

உனக்கென்று நாலு மணி நேரம் ஒதுக்காத,
உன் மூத்த மகன்