வெள்ளிக்கிழமை எண்ணெயும் நம் சிம்னி மோட்டாரும்

என் பிரியமான அத்தைக்கு,

சுகமா என்று உங்களைக் கேட்க முடியாது. நான் சுகமாக இல்லை. உங்கள்மேல் பயங்கர கோபத்தில் இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் அடுப்படிச் சிம்னியின் மோட்டார் போய்விட்டது.

சுவிட்சைப் போட்டால் உர்ரென்று ஒரு முனகல், அவ்வளவுதான். உள்ளே விசிறி அசையவில்லை. ஹேடோ குவார்ட்டர்ஸில் நம் அடுப்படி எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. மிளகாய் தாளித்தால் புகையெல்லாம் என் நெஞ்சுக்குள்தான் போனது. எனக்கு இழுப்பு வருகிறது என்றுதானே மகனோடு மல்லுக்கட்டி, மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் இந்தச் சிம்னியை வரவழைத்தீர்கள்?

அந்த இழுப்பு திரும்ப வந்துவிட்டது. வார்ஃபில் கப்பல் சரக்கு இறக்கும் தம்பிகளுக்கு நாம் இரண்டு பேரும் ஆரம்பித்த மதியச் சாப்பாட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். பாவம், அவர்களும் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? சிலர் வேறு வீட்டில் கேரியர் கொடுத்துவிட்டார்களாம். உங்கள் மகனோ, விட்டுத் தொலை, உனக்கெதுக்கு இந்தத் தலைவலி என்கிறார். அவருக்கு அது தலைவலி. எனக்கென்று இருக்கிற ஒரே வேலை அதுதான் அத்தை. ஒருதரம் கைவிட்டுப் போனால் திரும்ப வருமா?

மெக்கானிக் அப்பாராவைக் கூப்பிட்டேன். முதலில் கண்டென்சரை மாற்றிப் பார்த்தார். அதே முனகல். அப்புறம் மோட்டாரையே கழற்றி, மேடையில் பேப்பர் விரித்து வைத்துப் பிரித்தார். உள்ளே கன்னங்கரேலென்று பிசின் மாதிரி அப்பியிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாபி, இஸ்மே நாரியல் தேல் கோன் டாலா?"

இதில் தேங்காய் எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்கிறார். நான் யாரைக் கைகாட்டுவது? இது மோட்டார் இல்லை, ஊறுகாய் என்று வேறு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று இந்த ஊரில் எல்லோரும்தான் தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் எண்ணெய் போடுகிறோம். நீங்கள் அதோடு விட்டீர்களா? வெள்ளிக்கிழமை என்னை உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் தேய்த்துவிட்டு, கிண்ணத்தில் மீந்ததை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறுவீர்கள். சிம்னியின் சல்லடையைக் கழற்றி மோட்டார் தண்டில் விடுவீர்கள். "பாவம்டி, அதுவுந்தான் நாளெல்லாம் பொகையைக் குடிக்குது" என்பீர்கள். புகைக்கரியோடு சேர்ந்தால் அந்த எண்ணெய் இறுகிப் பசையாகிவிடும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லையே அத்தை.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் ஒரு வெள்ளியைக்கூட விடவில்லை. நீங்கள் செய்ததை நிறுத்த மனசு வரவில்லை. உங்களைவிடக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருப்பேன். நம் பாசத்தில்தான் அது செத்தது.

அப்புறம் மோட்டார் தேடிப் பட்ட பாடு இருக்கிறதே! சென்னையிலிருந்து ஒன்று வந்தது, அதன் தண்டு குட்டை, விசிறி உட்காரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் கடல் சரியில்லை, கப்பல் தள்ளிப்போகிறது என்றார்கள். இங்கே ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் வானத்தையும் கடலையும் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த எரிச்சலில் உங்கள் மகனிடம் பேச்சைக்கூட நிறுத்திவிட்டேன்.

ஒருவழியாக நேற்று வந்தது. அப்பாராவ் பொருத்திவிட்டார், சுற்றுகிறது. சீல் வைத்த பேரிங்காம், எண்ணெயைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வெள்ளிக்கிழமை. பழக்கதோஷம், எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஸ்டூலையும் இழுத்துப் போட்டுவிட்டேன். ஏறப் போகும்போதுதான் அப்பாராவ் சொன்னது ஞாபகம் வந்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இனி என்ன செய்வது என்று நின்றேன். அப்போதுதான் உறைத்தது. நீங்கள் போனதிலிருந்து வாராவாரம் மோட்டாருக்குத்தான் வைத்திருக்கிறேன். என் தலையில் ஒரு சொட்டு வைக்கவில்லை. வைத்துவிட ஆளில்லை என்று விட்டிருக்கிறேன் போல. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

திங்கட்கிழமை அடுப்பைப் பற்றவைக்கிறேன் அத்தை. வேறு இடத்துக்குப் போன தம்பிகளையும் நானே போய்க் கூப்பிடுவேன், எனக்கென்ன கௌரவம். மோட்டாருக்கு இனி எண்ணெய் கிடையாது, நீங்களே கனவில் வந்து கேட்டாலும் கிடையாது. வெள்ளிக்கிழமை எண்ணெயை என் தலைக்கு நானே வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கே வைத்துக்கொண்டேன். உங்கள் கை அழுத்தம் என் கைக்கு வரவில்லை.

தலையில் எண்ணெயோடு,
உங்கள் மருமகள்
சரசு