இல்லை என்று சொல்லாத கடை

பாவா,

ஆர்.கே.பேட்டைக் கைத்தறிக்காரர் இன்று காலை வாசலில் மூட்டையை அவிழ்த்தார். ஆடிக் கிருத்திகைக்குப் புது வேட்டி. ஒன்றை உதறிப் பிரித்ததும் கஞ்சி மணம் குப்பென்று வந்தது. கடை விட்டு நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது சட்டையில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மணம். எழுந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் அவர், "ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

நான் சொன்ன பதிலை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் கிளைகளுக்கெல்லாம் மேனேஜராக ஆனவர் நீங்கள். உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே நீங்கள் கொண்டுவந்த துணிச் சீட்டுகளை வைத்துத்தான். ஒரே ஒரு முறை என்னைக் கடைக்குக் கூட்டிப்போனீர்கள். ஓர் அம்மாள் மாம்பழக் கலரில் புடவை கேட்டாள். சிப்பந்தி "இல்லீங்க" என்றான். நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து, குரலை உயர்த்தாமல், "ஏம்பா, அந்த வார்த்தைய எந்த அலமாரியில வச்சிருக்கோம்? எடுத்துக் காட்டு, பாப்போம்" என்றீர்கள். அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "வரும்ங்க. ஒக்காருங்க, மோர் சாப்பிடுங்க."

டிராமில் திரும்பும்போது கேட்டேன். "நெஜமாவே வருமா பாவா?"

"பொடவை வராது. அந்த அம்மா மறுபடியும் வரும்."

ரங்கூன் கிளைக்கு நம்பகமான ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது நம் பையனை அனுப்பினீர்கள். ஊரார் பிள்ளையைக் கடல் தாண்ட விட்டுத் தன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதா என்றீர்கள். யுத்தம் வந்து அங்கே குண்டு விழுந்தது. கப்பலில் வந்தவர்கள் வந்தார்கள். காட்டு வழியாக நடந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. கடையில் எல்லோரும் அவனை விசாரிக்கிறார்கள் என்று வேலையை விட்டீர்கள். முருகன் காலடியில் கிடப்போம் என்று திருத்தணிக்கு வந்தோம்.

இங்கே வந்தும் சும்மா இருந்தீர்களா? அரக்கோணம் போய், ரயிலில் இறங்குகிறவர்களிடம் அவனைப் பற்றிக் கேட்டபடி நின்றீர்கள். கால் வீங்கிக் கட்டிலோடு ஆன பிறகு தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் நம் வாசலைத் தாண்டிப் போனதும் உள்ளேயிருந்து குரல் வரும்: "வந்துச்சா?"

முதல் நாள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வரும்" என்று வந்தது.

நிமிர்ந்து பார்த்தீர்கள். "இன்னாடி, என் சரக்க எனக்கே விக்கிறியா?"

சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். அதன் பிறகு தினமும் நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

கடைசி நாளன்று நீங்கள் கேட்கவில்லை. நானாகவே, "வரும் பாவா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஒரு தரம் இல்லன்னு சொல்லிடு. கேட்டுகினு கண்ண மூடறேன்."

உங்கள் நெற்றியில் விபூதி இட்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறேன். படி நெடுகக் காவடியும் அரோகராவுமாக இருக்கும். சன்னிதியில் நின்று, பையன் வருவானா என்று கேட்கிறேன். முருகனும் உங்கள் கடையில் வேலை பழகினவன் போலத்தான் நிற்கிறான். இல்லை என்று இதுவரை அவனும் சொன்னதில்லை.

கைத்தறிக்காரர் வேட்டியைக் கையில் வைத்தபடி காத்திருந்தார்.

"ஒருத்தர் இல்லப்பா" என்றேன். உங்களைப் பற்றி அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தரம். மீதியையும் சொன்னேன். "ஒருத்தன் வருவான்."

"அப்ப ஒண்ணு போதுங்களா?"

"ஆங், ஒண்ணு போதும். நீளமா பாத்து எடு. பையன் ஒசரம்."

மடிப்புக் கலையாமல், நீங்கள் மடிக்கிற மாதிரி, கரை வெளியே தெரிய மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.