ஹெலிகொப்டர் விழுவதற்கு முன்

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து பின்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். முன்கூடத்தில் மருமகன் டீவியைப் போட்டார். முதலில் ஹெலிகொப்டர் சத்தம், பிறகு அந்த டமடம இசை, அதற்குப் பிறகு நிறுத்தாமல் சுடுகிற சத்தம். எந்தப் படம் என்று எழும்பிப் பார்க்கத் தேவைப்படவில்லை. ஒற்றை ஆள் ஒரு பட்டாளத்தையே காட்டுக்குள் வைத்து முடிக்கிற, எண்பதுகளில் வந்த உன்னுடைய இங்கிலீஷ் படம். நீ மௌத்தாகி என்னை விட்டுப் போன இந்த ஒன்றரை வருசத்தில் இன்றுதான் அதைக் கேட்கிறேன்.

நம் வழக்கப்படி கலியாணம் முடித்து உன் வீட்டுக்கு வந்தவன் நான். என் வாய் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். காணி அளக்கிற வேலையில் சங்கிலியோடும் கம்போடும் பழகினேனே தவிர மனிதரோடு பழகத் தெரியாது. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். உன் வாப்பா ஏதும் கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு வீடு பிடிக்கவில்லையோ என்று உன் உம்மா பயந்தே போனாவாம். அந்த வாரம் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, உன் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில் இந்தப் படத்தைப் போட்டீர்கள். கதாநாயகன் சுட்டுக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தத் துவக்குக்குள்ள இவ்வளவு குண்டு எங்க கொள்ளும்?" என்று கேட்டுவிட்டேன்.

நீ முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "அப்ப எண்ணுங்க" என்றாய். நானும் எண்ணினேன். அந்த வீட்டில் நான் வாய் திறந்து கதைத்த முதல் கதை அது.

அதற்குப் பிறகு எத்தனை படம். தசை திரண்ட ஆட்கள், நெற்றியில் கட்டிய துணி. பெற்றோல் பீப்பாய் வெடித்தாலும் தலைமயிர் கருகாமல் நடந்து வருவார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பிழை பிடிப்பேன். நாற்பது அடி ஆற்றை எவனாலும் பாய்ந்து கடக்க முடியாது என்பேன். "சும்மா இரிங்க, அவருக்கு ஏலும்" என்பாய். வெளியில் உண்மையான வெடிச்சத்தம் கேட்ட காலத்திலும் நீ இந்தப் படங்களை விடவில்லை. ஊர் கிடக்கிற கிடையில் இதையா பார்க்கிறாய் என்று ஒருநாள் ஏசினேன். "இதுல செத்தவங்க எழும்பிப் போய் தேத்தண்ணி குடிப்பாங்க" என்றாய். அதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சீனி வருத்தத்தில் உன் கண் போனது. அப்போதும் உனக்குப் படம் வேண்டும். மருமகன் பென்டிரைவில் ஏற்றித் தந்ததைப் போட்டுவிட்டு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருப்பேன்.

"இப்ப என்ன செய்யிறான்?"

"மரத்துல ஏறுறான்."

"பிறகு?"

சொல்லுவேன், பிழைகளையும் சேர்த்து. எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் கடைசி வியாழக்கிழமை பின்னேரமும் இதே படம்தான் ஓடியது. சந்திக் கடையில் கூட்டாளிமார் காத்திருந்தார்கள். ஹெலிகொப்டர் விழ இன்னும் இருபது நிமிசம் இருந்தது. நான் டீவியை நிற்பாட்டினேன். "முடிஞ்சிட்டு" என்றேன். "ஓம், நல்ல படம்" என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் காலையில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வரவில்லை.

கண் தெரியாத மனிசியை ஏமாற்றிவிட்டுப் போனவன் நான். இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. துஆவுக்குக் கையேந்தும்போது மட்டும் வந்து நெஞ்சில் குத்தும்.

இன்று பின்னறையில் படுத்தபடி, படத்தைப் பார்க்காமலே, அடுத்து என்ன என்பது ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. சத்தம் ஒன்றே போதுமாக இருந்தது. அரைகுறையாகப் பார்த்த எனக்கே தெரிகிறதென்றால், நீ?

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"உம்மாக்குத் தெரியும் வாப்பா. நீங்க போன பிறகு மிச்சத்த ஒண்டும் விடாம எனக்குச் சொன்னா. ஹெலிகொப்டர் விழுறது, அவன் காயத்தோட நடந்து வாறது, எல்லாம்."

"கோவிச்சாவா?"

"இல்ல. பாவம், கூட்டாளிமாரோட கொஞ்சம் இரிந்திட்டு வரட்டும் எண்டா."

"எல்லாம் தெரிஞ்சா, ஏன் என்னட்ட ஒவ்வொண்டாக் கேட்டா?"

"நானும் அதக் கேட்டன் வாப்பா. 'கேக்காட்டி உங்கட வாப்பா ஒரு சொல்லுக் கதைப்பாரா?' எண்டா."

என்னோடு கதையுங்கள் என்று நீ ஒருநாளும் நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கதைக்க என்ன இருக்கிறது என்று எழும்பிப் போயிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

வீடு இப்போது மகளுடையது. நல்ல பிள்ளைகள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் தனிமை தாங்க முடியவில்லை. என்னிடமிருந்து சொல்லைப் பிடுங்கி எடுக்க இங்கே யாருக்கும் தெரியாது. மனதுக்குள் உனக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் மழை பெய்தது, மீன்காரன் வரவில்லை, பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நீ "பிறகு?" என்று கேட்பதற்காகக் கொஞ்சம் நிற்கிறேன்.