மேல்கட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் மூச்சிரைப்பு தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில். போன விடுமுறையன்று மதியம் கரண்ட் போய் ஏ.சி. நின்றுவிட்டது. எனக்கு மேலே படுத்திருந்த வெல்டர் மயங்கிவிட்டான். பயப்படாதீர்கள், கீழே இறக்கித் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்துவிட்டான். இப்போது வேலைக்கும் வருகிறான்.

அன்று அவன் கேட்டான்: "ஏண்ணே, கீழ தாங்குற மாதிரிதானே இருக்கு. மேல மட்டும் ஏன் அப்படி வெந்துச்சு?"

நான் ஏ.சி. மெக்கானிக். சூடான காற்று லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும் என்பதுதான் என் பிழைப்பே. அது தெரிந்துதான், வந்த அன்றே முழங்கால் வலி என்று பொய் சொல்லிக் கீழ்க்கட்டிலைப் பிடித்தேன். அவனிடம், "என்னமோ தெரியலப்பா" என்றேன்.

மறுநாள் கூரையோர ஜன்னலில், சூட்டை வெளியே தள்ள, பேட்டரியில் ஓடும் ஒரு மின்விசிறி பொருத்தினேன். மேல்கட்டிலுக்கும் நானே மாறிக்கொண்டேன். "முழங்கால் வலியோட எனக்காக மேல ஏறுறீங்களே அண்ணே. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று அவன் கண்கலங்கினான்.

வெயில் குறையும்வரை நீங்களும் மாடியறையில் படுக்காதீர்கள். யாராவது இங்கே வந்தால் உங்கள் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. என் முழங்கால் நோகுமென்று வெல்டர் முன்னால் ஓடி, எனக்கு இடம் பிடித்து வைத்துக் கூப்பிடுகிறான்.

உங்கள் மகன்