ழ்க்ட் பேசவில்லை

நவ. 15, சனி

விட்டு விட்டுத் தூறல். பாப்பாவின் துணி பதினொன்று, இரண்டு நாளாகக் கொடியில். கடைசியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காயவைத்தேன்.

பால்: 6, 8.30, 11, 1.15, 4, 6.30. ஒருமுறை கக்கினாள். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தது எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குரூப்பில் ஒரே கூத்து. இந்த வருடம் பிள்ளை பெற்றவர்களின் குரூப். சொந்தப் பேர், ஊர், போட்டோ கூடாது என்பது அங்கே சட்டம். நான் இட்லித்தட்டு. ஓயாமல் பேசுகிற இருவர் சுண்டல், பால்கோவா. இன்று மாட்டிக்கொண்டது ழ்க்ட். அதுதான் அவள் பேர். மூன்று எழுத்து, மூன்றின் தலையிலும் புள்ளி.

பால்கோவா: "இத்த எப்படித்தாம்மா கூப்பிடுறது? தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரி வருது."

சுண்டல் வாய்ஸ் நோட்டே போட்டாள்: "ழக்கட்டு. ழிக்கிட்டு. ழ்ழ்க்... எங்க வீட்டுக்காரரு தண்ணி கொண்டாந்து நீட்றாருப்பா."

நான்: "ழகுட்டி?"

ழ்க்ட்: "கிட்டத்தட்ட."

எல்லாருக்கும் அதே பதில். யார் வைத்த பேர் என்று கேட்டோம். "பாப்பா. நான் பேர் டைப் பண்றதுக்குள்ள போன் மேல கைய வெச்சுட்டா. அப்படியே விட்டுட்டேன்."

பால்கோவா: "அப்ப உம் பொண்ணு பேசுனாதான் நமக்கு வெளங்கும். அதுவரைக்கும் குரூப்பக் கலைக்கக் கூடாது." சுண்டல்: "நீயே ஒருவாட்டி சொல்லி வாய்ஸ் போடேன்." போடுகிறேன் என்றாள். போடவில்லை. அவள் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நாத்தனார் அமுதா தறியில் இருந்தபடியே, "என்னா அண்ணி, போனப் பாத்து சிரிச்சிக்கினு இருக்கீங்க?" காட்டினேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். மாமனார் தலை நிமிராமல், "தறிக்குழியில தவளை பூந்துக்கிச்சா?" என்றார். வெகு நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நவ. 17, திங்கள்

கொஞ்சம் வெயில். கேஸ் புக் பண்ண. தடுப்பூசி அட்டையைத் தேட. என் வீட்டுக்காரர் குமரனுக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட்; கம்பெனி பஸ் ஐந்தரைக்கே.

மதியம் ழ்க்ட் எனக்கு மட்டும் அனுப்பியது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கொழந்த அழுவுது. எழுந்து போவத் தோணல. அதுவா நிக்கட்டும்னு உக்காந்துக்கினு இருக்கேன். நின்னுட்டா இன்னும் பயமா இருக்குது. உங்களுக்கும் இப்படி இருக்குதா?"

நான் அனுப்பியது: "ழகுட்டி, உன் பேரச் சொல்லித் தாலாட்டு. பயத்துலயே தூங்கிடும்." பின்னால் மூன்று சிரிப்பு முகம்.

வழக்கம்போல 'கிட்டத்தட்ட' வரும் என்று பார்த்தேன். இரண்டு நீல டிக் மட்டும்.

அவசரத்தில் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். முழுதும் படித்தேன், இரண்டு முறை. போன மாதம் ஒரு மதியம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பாப்பா தூளியில், கத்தலில். எதிரே நான். கை இரண்டும் மடியில். எவ்வளவு நேரம், தெரியாது. அமுதா ஓடிவந்து தூக்கினாள். "தூங்கிட்டீங்களா அண்ணி?" ஆமாம் என்றேன். குமரனிடமும் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. படித்து என்ன, இதற்கு ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

அவள் கேட்டாள். நான் சிரிப்பு முகம் போட்டேன்.

நவ. 19, புதன். அமாவாசை

இன்று தறி இல்லை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. வாழைக்காய், வடை, காக்காவுக்குச் சோறு. மாமனார் குளித்துவிட்டுக் கோயிலுக்கு. சத்தம் இல்லாததால் பாப்பா அரை மணிக்கு ஒருதரம் விழிக்கிறாள்.

11.20. குரூப்பில் ழ்க்ட் வாய்ஸ் நோட்டு. 41 விநாடி. பேரைச் சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் ஓடிவந்து கேட்டோம்.

பேச்சே இல்லை. ஒரு குழந்தை அழுகிறது. தட், தட் என்று ஏதோ. கடைசியில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது. முடிந்தது.

பால்கோவா: "இதுதான் உம் பேரா? எப்படிம்மா எங்களுக்கு வாயில வரும்?"

சுண்டல்: "கரெக்டா திருப்பிச் சொல்றவங்களுக்கு நான் அல்வா அனுப்புறேன்."

மற்றவர்களும் தங்கள் தங்கள் குழந்தை அழுவதைப் பதிந்து போட்டார்கள், ழ்க்ட் ழ்க்ட் என்று எழுதி. பதினான்கு நோட்டு. பதினான்கு அழுகை. அவளிடமிருந்து எதுவும் இல்லை.

காதில் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். அந்தத் தட், தறி. ஐந்து வருடம் ஒரே கூரையின் கீழ் கேட்கிற எனக்குத் தெரியாதா. அதுவும் இரண்டு பேர் உட்காரும் தறி. கரை தனி நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு, நெய்கிறவர் நடுவில் இருப்பார். ஓரத்தில் இன்னொருவர் இருந்து, கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளித் தரவேண்டும். எங்கள் வீட்டில் மாமனாரும் அமுதாவும். ஒவ்வொரு அடிக்கும் பின் சின்ன இடைவெளி வரும், ஓரத்து ஆளின் கை வேலை செய்யும் நேரம். இதில் அந்த இடைவெளி ஒழுங்காக இல்லை. அழுகை ஏறும்போதெல்லாம் நீள்கிறது. ஆண் இருமல் தள்ளிக் கேட்கிறது. மூச்சு மட்டும் காதருகே.

போன் ஓரத்து ஆளின் மடியில். அவள்தான் அது. எழுந்தால் நெசவு நின்றுவிடும்.

அமாவாசையிலும் தறி ஓடுகிறது, அப்படியானால் எங்கள் ஊராக இருக்காது. எங்கேயோ தூரத்தில். நான் என்ன செய்ய முடியும். இப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. அது லேசானதை நினைத்தால் இப்போது என்னவோ செய்கிறது.

மதியம் படுத்தேன். தட். இடைவெளி. தட். எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் தறி மேல் வேட்டி போர்த்தியபடி இருக்கிறது.

நவ. 20, வியாழன்

மழை. பால் எழுதவில்லை.

காலையிலிருந்து ழ்க்டுக்கு நான் அனுப்பியவை: "மன்னிச்சுக்கோங்க." "இருக்கீங்களா?" "பாப்பா எப்படி இருக்கா?" மூன்றுக்கும் ஒற்றை டிக். குரூப்பில் பால்கோவாவும் அடங்கிவிட்டாள். "ழ்க்ட் கோச்சிக்கிச்சா? தமாசுதானப்பா."

நாலு மணிக்கு அமுதா சாயப்பட்டறையிலிருந்து வந்தாள். குடையை மடக்கும் முன்னே ஆரம்பித்தாள்.

"கேட்டீங்களா அண்ணி, பின்தெருவுல ஒருத்தரு அமாவாசையன்னிக்கே தறி ஓட்டிக்கினு இருந்தாராம். முகூர்த்தப் பொடவையாம், அவசரமாம். தெருவே வாயில வெரல வெச்சுக்கினு நின்னுச்சாம்."

"யாரு?"

"புதுசா குடி வந்தவங்க. பச்சக் கதவு. ஒத்தாசைக்கு வந்துக்கினு இருந்த பையன் நின்னுட்டான்னு பொண்டாட்டியவே ஒக்கார வெச்சிருக்காரு. கைக்கொழந்தக்காரி. கொழந்த கத்துற கத்து தெருக்கோடி வரைக்கும் கேக்குதாம். நேத்து சாயங்காலத்துலேருந்து அந்தச் சத்தமும் இல்லியாம்."

டம்ளர் கையில் இருந்தது. கீழே வைத்தேன். எந்தச் சத்தம் இல்லை, தறியா, குழந்தையா என்று கேட்டேன்.

"அது தெரியலியே. ஏன் அண்ணி?"

போனைக் காட்டினேன். நோட்டைப் போட்டேன். அமுதா இரண்டு அடி கேட்டதும், "கோர்வை," என்றாள். மடக்கிய குடையை மறுபடி எடுத்தாள். "இப்பவே போலாம்," என்றாள். வாசலில் முழங்கால் தண்ணீர். மாமனார் குழந்தையோடு போகக்கூடாது என்றார். அமுதா மட்டும் போய்ப் பார்த்து வந்தாள். கதவு சாத்தியிருக்கிறது. தட்டினாள், திறக்கவில்லை. உள்ளே வெளிச்சம் இருக்கிறது.

நவ. 21, வெள்ளி

மழை விட்டது. பத்து மணிக்கு நாங்கள் இருவரும், என் இடுப்பில் பாப்பா. பின்தெருவுக்குள் திரும்பியதும் தறிச் சத்தம். இடைவெளி கோணலாக. குழந்தைச் சத்தம் இல்லை. அமுதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? வாசலில் நின்று, "ழ்க்ட்," என்றேன். ஏதோ வந்தது வாயில். ஒரு வாரம் சிரித்த பேர். தறி நின்றது.

கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னவள். நைட்டி மேல் துண்டு. கண் என் மேல் இருக்கிறது, பார்க்கிறாளா தெரியவில்லை. பின்னால் தூளி. துணிக்குள் ஒரு கால் அசைந்தது. அசைந்ததை நான் பார்த்தேன். அமுதாவும் பார்த்தாள்.

"நான் இட்லித்தட்டு," என்றேன். வெட்கமாக இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "போன் தண்ணியில வுழுந்துடுச்சு," என்றாள். அப்புறம், "ஒங்களுக்கும் இருக்குதான்னு கேட்டனே."

"இருக்குது," என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. தறியில் இருந்த ஆள் திரும்பினார். அமுதாவும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கி நான் தூங்கல அமுதா."

அவர் உள்ளே இருந்து, "யாரும்மா? எழை நிக்குது பாரு," என்றார். கெட்ட ஆள் போலத் தெரியவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

அமுதா செருப்பைக் கழற்றினாள். "நகருங்கண்ணா, ஓரத்துல நான் ஒக்காருறேன். அவங்க ரெண்டு மணி நேரம் படுக்கட்டும்."

"நீ யாரும்மா?"

"மூணாவது தெரு. பன்னெண்டு வயசுலேருந்து எங்க அப்பாவுக்கு நாடா தள்றேன், ஒங்களுக்குத் தள்ள மாட்டனா? அமாவாசையில ஓட்டுனவருக்கு ஆள் வந்துச்சுன்னா கசக்குதா?"

அவர் நகர்ந்தார். ழ்க்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தபடியே, "ராத்திரியெல்லாம் அதுங்கிட்டப் போவ பயமா இருந்துச்சு. நான் ஏதாச்சும் பண்ணிடுவனோன்னு," என்றாள். குழந்தையிடம் நான் போகிறேன், நீங்கள் தூங்குங்கள் என்றேன். தூளியிலிருந்து எடுத்தேன். பசி. வாய் என் கழுத்தைத் தேடியது. கேட்காமலே பால் கொடுத்தேன். என் பாப்பா பாயில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்ப்பக்கம் படுத்திருந்தவளின் முதுகு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டு மணி நேரமும்.

நாளை ஒன்பது மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு இருக்கிறதாம், அமுதா விசாரித்துவிட்டாள். ழ்க்டின் கணவரும் வருகிறார். சீட்டு இரண்டு வாங்க வேண்டும், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. என் சீட்டுக்கு ஏன் என்று குமரன் கேட்பார்.

குமரன் கை கழுவிவிட்டு வருகிறார். இதை எழுதும் நோட்டுப் புத்தகத்தையே கையில் கொடுத்துவிடலாமா. வேண்டாம், வாயால் சொல்கிறேன்.